தஞ்சைக் கோபுரத்தில் மோதிய தியோடலைட்

வில்லியம் லாம்ப்டன் பிரிட்டிஷ் படையின் 33-ஆம் காலாட்படைப் பிரிவில் 1781-ல் சேர்ந்த அதிகாரி. சேர்ந்த ஆண்டே அமெரிக்காவில் யார்க்டவுனில் சிறைப்பட்டார். விடுதலைக்குப் பின் கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் படை விடுதிகளைக் கவனிக்கும் வேலை கிடைத்தது. சண்டையும் இல்லை, பதவி உயர்வும் இல்லை. அப்படியே பத்தாண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த ஓய்வை அவர் வீணாக்கவில்லை. பூமியின் வடிவத்தையும் அளவையும் பற்றி அன்று வெளிவந்த கணித நூல்களைத் தாமாகவே படித்துத் தேர்ந்தார். 1790-களின் பிற்பகுதியில் ஆர்தர் வெல்லஸ்லியின் தலைமையில் அந்தப் படைப்பிரிவு இந்தியாவுக்கு வந்தபோது லாம்ப்டனுக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அவருடைய உண்மையான தொழில் வாழ்க்கை அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

1799-ல் மைசூரின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை நிலம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குள் வந்தது. அதே ஆண்டு தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியும் ஆட்சியைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். கோட்டையும் அதைச் சார்ந்த சிறு பகுதியுமே அவரிடம் மிஞ்சின. புதிதாகக் கிடைத்த நாட்டுக்கு நம்பத்தகுந்த வரைபடம் கிடையாது. தீபகற்பத்தைக் குறுக்கே கரையிலிருந்து கரை வரை முக்கோணங்களால் அளக்கலாம் என்று லாம்ப்டன் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். வெல்லஸ்லியின் ஆதரவு இருந்ததால் அது நிறைவேறியது. சென்னை நிதிக் குழுவில் இருந்த ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போகப் பல்லக்குத் தூக்கிகளுக்கே வழி தெரியும்போது இந்த வரைபடம் எதற்கு என்று கேட்டதாகச் சொல்வார்கள். செலவுக் கணக்கு பார்ப்பவர்கள் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான்.

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே முதல் அடிக்கோட்டை அளக்கும் வேலை தொடங்கியது. நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. இரண்டரை அடி நீளத்தில் நாற்பது கண்ணிகள். சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அவர் ஏற்காததால் திரும்பி வந்த பொருள்களில் அதுவும் ஒன்று. தரையில் இழுத்தால் மேடுபள்ளம் அளவைக் கெடுக்கும் என்பதால் மரப்பெட்டிகளில் கிடத்தி, பெட்டிகளை முக்காலிகளில் தாங்கி, பக்கத்தில் வெப்பமானியை வைத்து அளந்தார்கள். ஏழரை மைல் தூரத்துக்குச் சங்கிலியை 400 முறை நீட்ட வேண்டியிருந்தது. வேலை முடிய 57 நாள் ஆயிற்று.

வெப்பமானி எதற்கு? எஃகு வெயிலில் நீளும். பத்து டிகிரி செல்சியஸ் வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால், ஏழரை மைலில் ஏறக்குறைய 1.4 மீட்டர் பிழை சேர்ந்துவிடும். சென்னையின் ஏப்ரல் வெயிலில் காலைக்கும் மதியத்துக்கும் இடையில் அந்த வேறுபாடு எளிதாக வந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு நீட்டலின்போதும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, பின்னர் திருத்தம் கணக்கிட்டார்கள். அளந்த எண்ணை அப்படியே ஏற்காமல், அதில் எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்று கேட்டு வாங்குவதே லாம்ப்டனின் வழக்கம்.

அடிக்கோடு கிடைத்தபின் நிலத்தில் சங்கிலியை இழுக்கத் தேவையில்லை. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். வந்த பக்கத்தை அடிக்கோடாக வைத்து அடுத்த முக்கோணம், அதன் மேல் அதற்கடுத்தது. கோணம் அளக்கும் கருவி தியோடலைட். லண்டனில் கேரி என்பவர் செய்த லாம்ப்டனின் பெரிய தியோடலைட்டுக்கு மூன்றடி விட்டமுள்ள வட்டம்; எடை அரை டன். இங்கிலாந்திலிருந்து அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியில் இருப்பது அறிவியல் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த ஆளுநர் மரியாதையோடு சென்னைக்கே அனுப்பிவைத்தார். பகை நாடுகளுக்கிடையே அப்படியும் ஒரு நாகரிகம் இருந்தது.

அந்தக் கருவியைக் கொண்டு அளந்தபோது, சென்னைக்கும் மங்களூருக்கும் இடையே பழைய வரைபடங்கள் காட்டிய 400 மைல் அகலம் உண்மையில் 360 மைல்தான் என்று தெரிந்தது. அதுவரை வரைபடத்தில் இருந்த நாற்பது மைல் நிலம் இல்லாமல் போனது. பெங்களூரில் 1804-லும் கோயம்புத்தூரில் 1806-லும் சரிபார்ப்பு அடிக்கோடுகள் அளந்தபின், முக்கோணங்கள் தெற்கே திரும்பிக் காவிரிச் சமவெளிக்குள் இறங்கின.

அங்கேதான் சிக்கல் வந்தது. மலை நாட்டில் ஒரு குன்றின் மேல் நின்றால் 50, 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அடுத்த குன்று தெரியும். தஞ்சையில் எந்தப் பக்கம் பார்த்தாலும் வயல், வயலுக்கு அப்பால் தென்னையும் மூங்கிலும் வாழையும். மரமே இல்லாவிட்டாலும், தரையில் நிற்பவர் கண்ணுக்குப் பூமியின் வளைவு நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனதும் நிலத்தை மறைத்துவிடும். 60 மீட்டர் உயரத்தில் நின்றால் அந்த எல்லை ஏறக்குறைய 28 கிலோமீட்டருக்கு நகர்கிறது. டெல்டாவில் அந்த உயரத்துக்கு ஏற வேண்டுமென்றால் கோயில்தான். எனவே கோபுரங்களையே அளவை நிலையங்களாகக் கொண்டு முக்கோணங்கள் போடப்பட்டன. ஊருக்கு ஊர் கோபுரம் கட்டிவைத்த சோழரும் நாயக்கரும் ஆங்கிலேய அளவைக்காரருக்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே சாரம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் மேல் தியோடலைட்டை ஏற்றும்போது கட்டி இழுத்த கயிறு அறுந்தது. அரை டன் கருவி ஊசலாடிச் சுவரில் மோதியது. பெட்டி உடைந்து அடி உள்ளே இறங்கி, கோணம் படிக்கும் வட்டமே நெளிந்துவிட்டது.

எவ்வளவு பெரிய சேதம் இது என்பதற்குச் சிறு கணக்கு உதவும். ஒரு பாகையில் 3,600 விகலைகள். மூன்றடி வட்டத்தின் விளிம்பில் ஒரு விகலை என்பது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு. தலைமுடி அளவுக்கு விளிம்பு நகர்ந்தாலே முப்பது விகலை பிழை. 50 கிலோமீட்டர் தொலைவில் அது ஏழு மீட்டராக வளர்ந்து நிற்கும். நுண்ணோக்கி வைத்துப் படிக்கும் கோடுகள் பொறித்த வட்டம் அது. கண்ணுக்கே தெரியும்படி நெளிந்தபின் அதைக் குப்பையில்தான் போட வேண்டும் என்று எவரும் நினைப்பார்கள்.

லாம்ப்டன் ஒரு கூடாரத்துக்குள் புகுந்துகொண்டார். தலைமைக் கைவினைஞர்களைத் தவிர வேறு யாரும் உள்ளே வரக் கூடாது என்று உத்தரவு. கருவியைப் பாகம் பாகமாகக் கழற்றினார். பெரிய தட்டையான பலகையில் வட்டம் எந்த அளவில் இருக்க வேண்டுமோ அதே அளவில் வெட்டி, நெளிந்த விளிம்பை ஆப்பு, திருகு, கப்பி ஆகியவற்றால் இம்மி இம்மியாக இழுத்து அதற்குள் பொருத்தினார். வளைந்த ஆரக்கால்களைச் சிறு மரச்சுத்தியால் தட்டி நிமிர்த்தினார். ஆறு வாரத்தில் வட்டம் ஏறக்குறைய பழைய உருவுக்கு வந்தது. இந்த விவரங்களை எழுதிவைத்தவர் பின்னாளில் அவர் இடத்துக்கு வந்த ஜார்ஜ் எவரெஸ்ட். புகழ்ச்சிக்கு எளிதில் இறங்காதவர் அவர், ஆகவே நம்பலாம். கூடாரத்துக்குள் இருந்த அந்தக் கைவினைஞர்களின் பெயர்களை மட்டும் அவர் எழுதவில்லை.

நெளிந்து நிமிர்ந்த வட்டத்தை அதன் பிறகு எப்படி நம்புவது? விடை கருவியில் இல்லை, கணக்கில் இருந்தது. எதிரெதிர் இடங்களில் படித்துச் சராசரி எடுத்தால் வட்டத்தின் மையம் விலகிய பிழை ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதே கோணத்தை வட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் திரும்பத் திரும்ப அளந்தால், ஒரு பகுதியின் நெளிவு மற்றப் பகுதிகளால் மட்டுப்படும். பிறகு மூன்று கோணங்களையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பூமி தட்டையாக இருந்தால் கூட்டு 180 பாகை. உருண்டையாக இருப்பதால் சற்று மிகும்: ஏறக்குறைய 76 சதுர மைல் பரப்புக்கு ஒரு விகலை. அந்த மிகையைக் கழித்தபின்னும் எஞ்சும் வேறுபாடுதான் பிழை. அதைக் கோணங்களுக்குள் பகிர்ந்து திருத்த வேண்டும். இதற்கு மேல் காற்றில் ஒளி வளைவதற்கு ஒரு திருத்தம், கடல் மட்டத்துக்குக் கொண்டுவர ஒரு திருத்தம்.

களத்தில் ஒரு கோணம் அளக்கும் நேரத்தைவிட அதன் கணக்கு தின்னும் நேரம் மிக அதிகம். எல்லாம் மடக்கை அட்டவணையும் தாளும் பேனாவும் கொண்டு செய்த வேலை. ஒருவர் போடும் கணக்கை அவருக்குத் தெரியாமல் இன்னொருவர் தனியாகப் போட்டு, இரண்டும் ஒத்தால்தான் ஏற்றுக்கொள்வார்கள். இந்த வேலை பார்த்தவர்களின் பதவிப் பெயர் கம்ப்யூட்டர்.

அந்தப் பதவிக்கு ஆள் எங்கிருந்து வந்தது என்று தேடினால் சென்னைக்கே வர வேண்டும். வானாய்வகத்தைச் சேர்ந்த மைக்கேல் டாப்பிங்கின் யோசனையில் 1794-ல் ஓர் அளவைப் பள்ளி தொடங்கியது. முதல் மாணவர்கள் எட்டுப் பேர். எல்லோரும் ஆண்கள் அநாதை விடுதிச் சிறுவர்கள். பெரும்பாலும் ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்தியத் தாய்மாருக்கும் பிறந்தவர்கள். இங்கிலாந்திலிருந்து ஆள் வரவழைத்தால் செலவு அதிகம், இவர்களுக்குக் கொடுக்கும் கூலி குறைவு என்பதே பள்ளி தொடங்கியதன் வெளிப்படையான காரணம். காரணம் சிறியது, விளைவு பெரியது. ஜோஷுவா டி பென்னிங் அந்தப் பள்ளியில் பயின்று, இளம் வயதிலேயே லாம்ப்டனிடம் உதவியாளராகச் சேர்ந்து, களத்தில் வளர்ந்தவர். 1830-களில் கல்கத்தா அலுவலகத்தில் தலைமைக் கம்ப்யூட்டராக இருந்தார். லாம்ப்டன் எந்தக் கல்லூரியிலும் பாடம் நடத்தியதில்லை. கூடாரமும் கணக்குப் புத்தகமும்தான் அவருடைய வகுப்பறை. கற்பித்த விதம் கறாரானது என்பதற்கு அவரிடமிருந்து வெளியே போனவர்களே சான்று. அவருக்கு உதவியாக இருந்த ஹென்றி கேட்டர் பிற்காலத்தில் புவியீர்ப்பை அளக்கும் ஊசலை வடிவமைத்தார்; இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் இன்றும் அதை ஆட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னோர் உதவியாளரின் கதை இதைவிடச் சுவையானது. ஜான் வாரன் பிரெஞ்சுக் குடும்பத்தவர், 33-ஆம் பிரிவிலேயே அதிகாரி. கோலார் தங்கத்தைப் பற்றி முதலில் ஆராய்ந்து எழுதிய ஐரோப்பியர்களில் ஒருவர். 1805 முதல் சில ஆண்டுகள் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பிலும் இருந்தார். தென்னிந்தியர் காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று துருவிப் பார்த்து, 1825-ல் காலசங்கலித என்ற பெரிய நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அதில் பதிந்திருக்கிறார். தாள் இல்லை, பேனா இல்லை. தரையில் சோழிகளை வைத்தும் எடுத்தும் நகர்த்தியும் கணக்கு நடந்தது. அட்டவணைகள் முழுதும் சொற்களாகவும் எழுத்துகளாகவும் மனப்பாடத்தில் இருந்தன. 1825 மே 31 இரவு நிகழவிருந்த கிரகணத்தின் தொடக்கத்தை அவர் சொன்னது நான்கு நிமிட வேறுபாட்டில் அமைந்தது. நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிசகின.

அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு வானியல் கோட்பாடு எதுவும் தெரியாது என்பதை வாரன் குறையாகத்தான் எழுதினார். இன்றைய கண்ணில் பார்த்தால் அங்கேதான் விஷயம் இருக்கிறது. விதி தெளிவாக இருந்தால், அதன் காரணம் அறியாத ஒருவரும் படிப்படியாகச் செய்து சரியான விடைக்கு வந்துவிடலாம். மின்னணுக் கணினி செய்வதும் அதைத்தான். அவர் பின்பற்றிய வாக்கியப் பஞ்சாங்க முறையின் அடிப்படை, சந்திரனின் வேக மாறுபாடு ஒன்பது முறை சுற்றி முடிய 248 நாள் ஆகிறது என்பது. அந்த 248 நாளுக்கும் நாளுக்கொரு வாக்கியம். கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபவர் 1952-ல் இதை ஆராய்ந்து, பாபிலோனியக் கணக்கு முறையோடு இதற்குள்ள உறவைக் காட்டினார்.

லாம்ப்டனின் தியோடலைட் மோதிய கோயிலிலேயே இதைவிடப் பழைய கணக்கு கல்லில் இருக்கிறது. இராசராசன் காலக் கல்வெட்டுகள் கோயிலுக்கு விட்ட நிலத்தை வேலி, மா, காணி, முந்திரி எனப் பின்னத்துக்குள் பின்னமாக இறங்கிச் சொல்கின்றன. மிகச் சிறிய பங்கு ஒரு வேலியில் 5,242 கோடியே 88 லட்சத்தில் ஒன்று. வேலி 6.67 ஏக்கர் என்ற இன்றைய கணக்கில் அது ஒரு சதுர மில்லிமீட்டரில் பாதி. அவ்வளவு நிலத்தை எந்தக் கோலும் அளக்காது. வரியைப் பங்கிடும்போது மீதி விடாமல் வகுத்துக்கொண்டே போன கணக்கர்களின் வேலை அது. கம்பெனி வருவதற்கு முன் இந்த நாட்டுக்கு அளவையே தெரியாது என்று எண்ணியவர்கள் கோயில் அடித்தளத்தைப் படித்துப் பார்க்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. சோழக் கணக்கு வயலின் விளைச்சலையும் வரியையும் சொன்னது. லாம்ப்டனின் கணக்கு, அந்த வயல் பூமிப்பந்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொன்னது.

படை அதிகாரிகளின் அளவை இன்னொரு வழியிலும் டெல்டாவுக்கு வந்தது. காவிரியின் படுகை மேடாகி, தண்ணீர் கொள்ளிடத்தில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் பிரிவில் 1819-ல் சேர்ந்த ஆர்தர் காட்டன் 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டினார். தட்டையான நாட்டில் நீர் எந்தப் பக்கம் போகும் என்பதைச் சில அடி உயரமே தீர்மானிக்கும். கல்லணையைக் கட்டியவர்கள் மணலில் கல் எப்படி இறங்கி நிலைக்கும் என்று கண்டிருந்ததைக் காட்டன் பணிவோடு கற்றுக்கொண்டார், அதைத் தாமே சொல்லியும் இருக்கிறார்.

தஞ்சையை முடித்துக்கொண்ட லாம்ப்டன் கன்னியாகுமரி வரை போய், பின் வடக்கே திரும்பினார். 1817-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1818-ல் வேலைக்கு மாபெரும் முக்கோண அளவை என்று பெயர் வந்தது. எழுபதை நெருங்கியும் களத்தை விடவில்லை. 1823 ஜனவரி 20 அன்று ஹைதராபாத்திலிருந்து நாகபுரிக்குப் போகும் வழியில் ஹிங்கன்காட்டில் இறந்தார். கன்னியாகுமரியிலிருந்து வடக்கே நீண்ட அந்த முக்கோணத் தொடரை எவரெஸ்ட் 1840-களின் தொடக்கத்தில் இமயத்தின் அடிவாரத்தில் முடித்தார். தஞ்சையில் அடிபட்ட தியோடலைட்டும் அவர் காலத்தில் முழுதாகப் புதுப்பிக்கப்பட்டது. அந்தக் காலத்துக் கருவிப் பட்டறையில் தேர்ந்தவர் ஆற்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் ஹுசேன். அதுவரை ஐரோப்பியர் வகித்த கருவி செய்பவர் பதவி 1843-ல் அவருக்கு வந்தது.

1831-ல் பதினெட்டு வயதில் கம்ப்யூட்டராகச் சேர்ந்த வங்காளி ராதாநாத் சிக்தர், டி பென்னிங் இருந்த தலைமைப் பதவிக்குப் பிற்பாடு வந்தார். பதினைந்தாம் சிகரம் என்று எண் மட்டும் இருந்த மலை உலகிலேயே உயரமானது என்பது 1852-ல் அவருடைய கணக்கில் தெரிந்தது. உயரம் 29,002 அடி. மலைக்கு வைத்த பெயர் எவரெஸ்ட். ஓய்வுக்குப் பின் சிக்தர் கல்கத்தாவில் கணிதம் கற்பித்தார்.

மனிதக் கம்ப்யூட்டர்களின் இடத்துக்கு இயந்திரம் வர இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. கான்பூர் ஐ.ஐ.டி.க்கு 1963-ல் ஐ.பி.எம். 1620 வந்தது, சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஐ.பி.எம். 370.  லாம்ப்டனைப் போலப் படை அதிகாரிகள் பொறியியலும் கணினியும் படித்து அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் வழக்கம் புனே ராணுவப் பொறியியல் கல்லூரியிலும் மாவ் தொலைத்தொடர்புப் பொறியியல் கல்லூரியிலும் தொடர்கிறது. டி பென்னிங் படித்த அளவைப் பள்ளி பின்னர் குடிமைப் பொறியியல் கல்லூரியாகி, 1920-ல் கிண்டிக்கு இடம் மாறியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரி இன்றும் 1794-ஐயே தன் பிறந்த ஆண்டாகக் கொள்கிறது.